மாவுக்குப் பத்து மூட்டை: கணினி பழகுகிறவர்களுக்குப் பயிற்சிக் கோப்பு தயாரிப்பது எப்படி?

நான் முதன்முதலில் தயாரித்த எக்செல் பயிற்சிப் புத்தகம் 64 பக்கம். ஸ்பைரல் பைண்டிங், பளபளப்பான அட்டை. நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு மகளிர் குழுவுக்கு ஆளுக்கொன்று கொடுத்தேன். மூன்று மாதம் கழித்துப் போனபோது ஒரு வீட்டில் அது டிவி ஸ்டாண்டு ஆடாமல் இருக்க அடியில் முட்டுக்கொடுத்திருந்தது. அந்த அக்காவைக் குறை சொல்ல வழியில்லை. ஃபைல் மெனுவில் என்ன இருக்கிறது, எடிட் மெனுவில் என்ன இருக்கிறது என்று வரிசையாக எழுதி வைத்திருந்தேன். அவருக்கு வேண்டியது சந்தாக் கணக்கு.

அதற்குப் பிறகு தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் பல குழுக்களுக்கும் உரக்கடைகளுக்கும் நெல் வியாபாரிகளுக்கும் கற்றுக்கொடுத்ததில் கொஞ்சம் தெளிந்திருக்கிறேன். உங்கள் ஊரில் யாருக்காவது கணினி சொல்லித்தரப் போகிறீர்கள், கையில் என்ன கொடுப்பது என்று யோசிக்கிறீர்கள் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். எக்செல்லையும், அதே மாதிரிக் கணக்குப் போடும் சாஃப்ட்வேரான லிப்ரே ஆபீஸ் கால்க்கையும் வைத்துச் சொல்கிறேன். டேலி, பில்லிங் சாஃப்ட்வேர் எதுவானாலும் முறை இதேதான்.

நம் பக்கத்தில் நல்ல பயிற்சிக் கருவி என்றால் முதலில் நினைவுக்கு வருவது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்தான். ஏ எஸ் டி எஃப், செமிகோலன் எல் கே ஜே என்று பக்கம் பக்கமாக அடிக்கவைத்தே ஒரு தலைமுறையை லோயர், ஹையர் பாஸ் பண்ண வைத்தார்கள். விரலுக்குப் பழக்கம் வர அது சரியான வழி. ஆனால் ஒரு சாஃப்ட்வேரை அப்படி எழுத்தெழுத்தாகப் பிரித்துக் கற்றுக்கொடுத்தால், எல்லா மெனுவும் தெரியும், ஒரு கணக்கும் போடத் தெரியாது என்ற நிலைதான் வரும்.

1. முதலில் நோட்டைப் பாருங்கள்

கணினியைத் திறக்கும் முன்னால் அவர்கள் நோட்டைத் திறக்கச் சொல்லுங்கள். மகளிர் குழு என்றால் தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு எல்லாம் ஊக்குநரிடம் இருக்கும். உரக்கடை என்றால் நீள நோட்டில் கடன் கணக்கு. நெல் வியாபாரி என்றால் சட்டைப் பையில் மடித்து வைத்த சின்ன நோட்டு.

அரை நாள் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் பத்தியை முதலில் நிரப்புகிறார்கள், எந்தக் கூட்டலை அங்கேயே போடுகிறார்கள், எதை வீட்டுக்குப் போய்ப் போடுகிறார்கள் என்று பாருங்கள். என்ன சுருக்கெழுத்து வைத்திருக்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 'ப.பா' என்றால் பழைய பாக்கி, 'வ' என்றால் வரவு. உங்கள் கோப்பில் பத்திகளுக்கு அதே பெயரைத்தான் வைக்க வேண்டும். 'முந்தைய நிலுவைத் தொகை' என்று நீங்கள் எழுதினால் அது வேறு யாருடையதோ கணக்கு என்று நினைப்பார்கள்.

நீடாமங்கலம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலில் 'கைமாத்து' என்று ஒரு பட்டியல் இருந்தது. குழுக் கணக்கில் சேராத சில்லறைக் கொடுக்கல் வாங்கல். சொந்த விஷயம் என்று விட்டுவிட்டேன். அது தப்பு என்று பிறகு தெரிந்தது.

அந்த நோட்டிலிருந்து ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். வாரம் ஒருமுறையாவது வருகிற வேலை, இருபது நிமிடத்தில் முடிகிற வேலையாக இருக்கட்டும். வருடக் கடைசிக் கணக்கு வேண்டாம். அடுத்த தடவை அது வருவதற்குள் எல்லாம் மறந்துபோகும்.

அப்புறம் காலத்தையும் பாருங்கள். குறுவை அறுப்பு நேரத்திலும், பொங்கலை ஒட்டிச் சம்பா அறுப்பு நேரத்திலும் வகுப்பு வைத்தால் நீங்களும் கணினியும்தான் உட்கார்ந்திருப்பீர்கள். ஆட்கள் கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் காயப்போட்டுக்கொண்டிருப்பார்கள்.

2. விடை தெரிந்த கணக்கைக் கொடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள் என்றால் இதைச் சொல்வேன். பழகுகிறவருக்கு விடை முன்பே தெரிந்த கணக்கைத்தான் பயிற்சியாகக் கொடுக்க வேண்டும்.

கடைப் புத்தகங்களில் வரும் பயிற்சிகளைப் பாருங்கள். ஏபிசி கம்பெனி, முதல் காலாண்டு விற்பனை 48,372. கூட்டினால் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. கணினி எதைக் காட்டினாலும் சரி என்று எழுதிக்கொள்வார்கள். தப்பு வந்தால் வாத்தியார் வந்து சொன்னால்தான் தெரியும். வாத்தியார் இல்லாத இடத்தில் அந்தப் பயிற்சி செத்துப்போகும்.

நம் ஊர்க் கணக்கை எடுங்கள். மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. டெல்டாவில் நாற்பது வயதைத் தாண்டிய யாருக்கும் இது தூக்கத்தில்கூடத் தெரியும். என் முதல் கோப்பில் ஐந்து வரி இருக்கிறது. ஐந்து பேர் நிலம்: 7 மா, 12 மா, 3 மா, 5 மா, 9 மா. கூட்டினால் 36 மா. அடுத்த கட்டத்தில் மூன்றால் வகுத்தால் 12 ஏக்கர். இருபதால் வகுத்தால் 1.8 வேலி.

வலங்கைமான் பக்கம் ஒரு பெரியவர் திரையில் 1.8 வந்ததும், "ஒண்ணே முக்கால் வேலியும் ஒரு மாவும். சரியாத்தான் சொல்லுது" என்றார். மனக்கணக்கு போட்டு மெஷினைத் திருத்தப் பார்க்கிறவருக்கு மெஷின்மேல் பயம் இருக்காது. அதன்பிறகு அவர் கீபோர்டை என்னிடம் தரவே இல்லை.

அதே கோப்பை நீட்டலாம். மாவுக்குப் பத்து மூட்டை என்று வையுங்கள், 360 மூட்டை. நம் மூட்டை 60 கிலோ, ஆக 21,600 கிலோ. அரசு நேரடிக் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பமாகப் பிடிப்பார்கள், அப்படியானால் 540 சிப்பம். பெருக்கல், வகுத்தல், கூட்டல், ஃபார்முலாவைக் கீழே இழுப்பது எல்லாம் இந்த ஒரே கணக்கில் வந்துவிடுகிறது. எந்தப் படியில் தவறினாலும் அவர்களே கண்டுபிடிப்பார்கள். உரக்கடைக்காரருக்கு யூரியா மூட்டை 45 கிலோ, டிஏபி 50 கிலோ என்று மாற்றிக்கொள்ளுங்கள். மகளிர் குழுவுக்கு 12 பேர், வாரம் 50 ரூபாய் சந்தா, 600 ரூபாய்.

3. முதல் வாரக் கோப்பு: பூட்ட வேண்டியதைப் பூட்டுங்கள்

கோப்பு இரண்டு வேண்டும். முதல் வாரத்துக்கு ஒன்று, இரண்டாம் வாரத்துக்கு ஒன்று. முதல் வாரக் கோப்பில் தப்புப் பண்ணவே முடியாதபடி பாதி வழிகளை அடைத்துவிட வேண்டும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஐபிஎம் ஆராய்ச்சிக் கூடத்தில் ஜான் கரோலும் கரோலின் கேரிதர்ஸும் 1984இல் இதைச் செய்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். அப்போது விற்பனையில் இருந்த ஒரு வேர்ட் புராசசரை எடுத்து, புதியவர்கள் வழக்கமாகப் போய் மாட்டிக்கொள்ளும் மெனுக்களை வேலை செய்யாமல் நிறுத்தினார்கள். மெனு கண்ணுக்குத் தெரியும், ஆனால் தட்டினால் இப்போதைக்கு இது கிடையாது என்று செய்தி வரும். அப்படிப் பழகியவர்கள் முழு மெஷினில் பழகியவர்களைவிடச் சீக்கிரம் வேலையைத் தொடங்கினார்கள், தப்பிலிருந்து மீளுவதில் வீணான நேரமும் குறைந்தது. குழந்தை சைக்கிளில் பின்னால் மாட்டுகிற இரண்டு சின்னச் சக்கரத்தின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள்.

நாம் சாஃப்ட்வேரையே மாற்ற முடியாது, ஷீட்டைப் பூட்டலாம். எக்செல்லிலும் கால்க்கிலும் எல்லாக் கட்டமும் பிறவியிலேயே பூட்டப்பட்டதாகத்தான் இருக்கும். ஷீட்டுக்குப் பாதுகாப்பு போடும்வரை அந்தப் பூட்டு வேலை செய்யாது. அதனால் தலைகீழாகப் போக வேண்டும். முதலில் அவர்கள் எண் போட வேண்டிய கட்டங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். எக்செல் என்றால் ஃபார்மேட் செல்ஸ் போய், புரொடெக்‌ஷன் என்ற தாவலில் லாக்டு என்பதன் டிக்கை எடுத்துவிடுங்கள். கால்க்கில் அதே டிக் செல் புரொடெக்‌ஷன் தாவலில் புரொடெக்டட் என்ற பெயரில் இருக்கும். அதற்குப் பிறகு எக்செல்லில் ரிவ்யூ போய் புரொடெக்ட் ஷீட், கால்க்கில் டூல்ஸ் போய் புரொடெக்ட் ஷீட். பாஸ்வேர்டு போடாதீர்கள். போட்டால் மூன்றாவது மாதம் நீங்களே மறந்துவிட்டு முழிப்பீர்கள்.

அடுத்து, எண் மட்டும் வரவேண்டிய கட்டத்தில் எண்ணைத் தவிர வேறு எதையும் ஏற்காதபடி செய்யுங்கள். டேட்டா மெனுவில், எக்செல்லில் டேட்டா வேலிடேஷன், கால்க்கில் வேலிடிட்டி. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, தப்பாகப் போட்டால் வரும் செய்தியை நம் சொந்தத் தமிழிலேயே எழுதிவைக்கலாம் என்பதுதான். எரர் அலர்ட் என்ற தாவலில் நான் எழுதியிருப்பது: "7 என்று எண்ணை மட்டும் போடுங்கள். 'மா' எழுத வேண்டாம், மேலேயே எழுதியிருக்கிறது." ஆங்கிலத்தில் சிவப்புப் பெருக்கல் குறியோடு பெட்டி வந்தால் கையை எடுத்துவிடுகிறவர்கள், இந்தப் பெட்டி வந்தால் சிரித்துவிட்டுத் திருத்துகிறார்கள்.

நெல் ரகம் போன்ற பத்திக்குப் பட்டியல் வைத்துவிடுங்கள். கையால் அடிக்க விட்டால் ஒருவர் 'ஏடிடி 43' என்பார், ஒருவர் 'ஏடிடி43' என்று ஒட்டி அடிப்பார், இன்னொருவர் 'ஆடுதுறை 43' என்பார். மூன்றும் ஒன்றுதான் என்று நமக்குத் தெரியும், ரகவாரியாகப் பிரித்துக் காட்டும் ஃபில்டருக்குத் தெரியாது.

தமிழ்த் தட்டச்சையும் கணக்கையும் ஒரே வாரத்தில் சேர்க்காதீர்கள். 1999இல் அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகை நல்லதுதான், கற்றுக்கொடுக்க வேண்டியதும்தான், ஆனால் அதற்குத் தனியாக ஒரு மாதம் ஒதுக்குங்கள். முதல் வாரக் கோப்பில் தமிழ் எழுத்தெல்லாம் நீங்கள் அடித்துவைத்ததாக இருக்கட்டும், யூனிகோடில். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை வேறு மெஷினில் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாக வந்து நிற்கும். எதையோ அழுத்திக் கெடுத்துவிட்டோம் என்று அவர்கள் பயந்துபோவார்கள்.

மவுஸே தொட்டதில்லை என்பவருக்கு முதல் அரை மணி நேரம் சாலிட்டேர் கொடுங்கள். 1990இல் விண்டோஸ் 3.0 உடன் வந்த சீட்டாட்டம் அது. பிடித்து இழுத்து விடுவதற்கு அதைவிட நல்ல பாடம் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை. 'வகுப்பில் சீட்டு ஆடுறாங்களா' என்று யாராவது கேட்டால் சமாளித்துக்கொள்ளுங்கள்.

4. இரண்டாம் வாரக் கோப்பு: கண்ணியை நீங்களே வையுங்கள்

இதில் பூட்டு கிடையாது. மாறாக, வேலையில் நிச்சயம் வரப்போகிற தப்புகளை நீங்களே உள்ளே புதைத்து வைக்கிறீர்கள். நான்கைந்து போதும்.

முதல் கண்ணி கூட்டலில். மூட்டைப் பத்தியில் 70, 120, 30, 50, 90. இதில் 50 இருக்கும் இடத்தில் மட்டும் '50 மூட்டை' என்று அடித்து வையுங்கள். கீழே சம் ஃபார்முலா. விடை 310 என்று வரும். எழுத்து கலந்த கட்டத்தைச் சம் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். எந்த எச்சரிக்கையும் கிடையாது. கடைப் புத்தகக் கணக்காக இருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இங்கே முதல் வாரம் முழுக்க 360 என்று பார்த்துப் பழகியவர்கள், "அம்பது மூட்டைய யார் தூக்கிட்டுப் போனா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வரும்வரை வாயைத் திறக்காதீர்கள். வந்த பிறகு, எண்ணெல்லாம் கட்டத்தில் வலப்பக்கம் ஒட்டி நிற்பதையும் '50 மூட்டை' மட்டும் இடப்பக்கம் நிற்பதையும் காட்டுங்கள். வலம் என்றால் கணக்கு, இடம் என்றால் எழுத்து. இந்த ஒரு அடையாளம் பிடிபட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இரண்டாவது கண்ணி மேட்டூர். வழக்கமாக ஜூன் 12இல் அணை திறக்க வேண்டும் என்பது நம் பக்கம் எல்லோருக்கும் தெரியும். எந்த வருடம் தள்ளிப்போனது என்பதும் மறக்காது. ஒரு பத்தியில் திறந்த தேதிகளை அடிக்கச் சொல்லுங்கள்: 12/6/2020, 12/6/2021, 24/5/2022, 12/6/2023, 28/7/2024, 12/6/2025. விண்டோஸில் வட்டார அமைப்பு அமெரிக்காவுக்கு இருந்தால் (வாங்கியபடியே வைத்திருக்கும் மெஷின்களில் இது சாதாரணம்) 12/6 என்பதை அது டிசம்பர் 6 என்று எடுத்துக்கொள்ளும். பார்த்தால் ஒன்றும் தெரியாது, அடித்தது அடித்தபடியே நிற்கும். 24/5, 28/7 இரண்டும் மட்டும் இடப்பக்கம் ஒதுங்கும், ஏனென்றால் இருபத்துநாலாவது மாதமும் இருபத்தெட்டாவது மாதமும் எங்கும் கிடையாது. இப்போது அந்தப் பத்தியை மாதப் பெயரோடு காட்டும்படி மாற்றச் சொல்லுங்கள். வரிசையாக டிசம்பர், டிசம்பர் என்று வந்து நிற்கும்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு வகுப்பில் இதைப் பார்த்த ஒருவர், "டிசம்பர்ல தொறந்தா குறுவைக்கு யார் தம்பி தண்ணி காட்டுறது?" என்று சிரித்தார். தேதி தப்பாகப் போகலாம் என்பதை நான் பத்து ஸ்லைடு போட்டுச் சொல்லியிருந்தாலும் அவர் மனதில் தங்கியிருக்காது. சரிசெய்ய இரண்டு வழி. விண்டோஸில் வட்டாரத்தை இந்தியா என்று மாற்றினால் நாள் முதலில் வரும், காற்புள்ளியும் லட்சக் கணக்கில் விழும். அந்நிய மெஷினில் வேலை என்றால் மாதத்தை எண்ணாகப் போடாமல் 12-ஜூன்-2023 என்ற மாதிரி, ஜூனுக்கு உரிய மூன்று ஆங்கில எழுத்தோடு அடித்துவிட்டால் இந்திய, அமெரிக்க அமைப்பு இரண்டிலும் குழப்பம் வராது. வகுப்புக்கு முன்னால் ஒரு மெஷினையாவது வேண்டுமென்றே அமெரிக்க அமைப்பில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கண்ணி விழாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊர் டெலிபோன் கோடு: தஞ்சாவூர் 04362, கும்பகோணம் 0435, மன்னார்குடி 04367. அடித்து என்டர் தட்டினால் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும். வங்கிக் கணக்கு எண் இன்னும் மோசம். எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க எண்ணை அடித்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். குழுவின் கடன் யாரோ ஒருவர் கணக்குக்குப் போவதற்கு அது போதும். எண் போலத் தெரிந்தாலும் கூட்டவோ பெருக்கவோ போவதில்லை என்றால் முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டு அடிக்க வேண்டும், அல்லது கட்டத்தை முன்பே டெக்ஸ்ட் என்று மாற்றிவைக்க வேண்டும். பயிற்சிக்கு 1234567890123456 என்று பொய் எண்ணைக் கொடுங்கள். நிஜமான ஆதார் எண்ணையும் பாஸ்புக் எண்ணையும் பயிற்சிக் கோப்பில் வைக்கவே கூடாது; அந்தக் கோப்பு எத்தனை வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது.

ஒரு பத்தியை மட்டும் ஒடுக்கி வையுங்கள், எண் இருக்கும் இடத்தில் வேலி போட்ட மாதிரி ஹேஷ் குறியாக வரட்டும். கணக்கு அழிந்துவிட்டது என்று பதறுவார்கள். பத்தியை அகலப்படுத்தினால் திரும்பி வரும் என்று ஒருமுறை கையால் செய்து பார்த்தவர் அப்புறம் பதறுவதில்லை.

5. ஒற்றைத் தாள்

கோப்போடு ஒரே ஒரு தாள். ஏ4, ஒரு பக்கம், எழுத்து 16 அளவுக்குக் குறையாமல். லேமினேட் செய்தால் டீ கொட்டினாலும் கவலையில்லை. அதற்குமேல் எழுத இருக்கிறது என்றால் நீங்கள் இரண்டு வேலையை ஒன்றாகச் சேர்த்துவிட்டீர்கள் என்று அர்த்தம், பிரியுங்கள்.

எழுதும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. என் பழைய 64 பக்கப் புத்தகத்தில் இருந்த ஒரு வாக்கியம்: "பயனர் தேவையான கலத்தினைத் தெரிவு செய்து தரவினை உள்ளீடு செய்த பின்னர் உள்ளிடு விசையினை அழுத்தவும்." இன்றைக்குப் படித்தால் எனக்கே வியர்க்கிறது. இப்போது அதே இடத்தில் இருப்பது:

"சாய்கோடு போட்ட கட்டத்தில் ஒரு தடவை கிளிக் பண்ணுங்கள். 7 என்று அடியுங்கள். என்டர் தட்டுங்கள். பக்கத்துக் கட்டத்தில் 70 வர வேண்டும். வேறு ஏதாவது வந்தால், கண்ட்ரோலை அழுத்திக்கொண்டே இசட் தட்டுங்கள். பழையபடி ஆகிவிடும்."

இதில் மூன்று சங்கதி இருக்கிறது. என்ன செய்ய வேண்டும், செய்தால் என்ன தெரிய வேண்டும், தெரியாவிட்டால் எப்படித் திரும்புவது. நடுவில் உள்ளதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 70 வர வேண்டும் என்று எழுதாவிட்டால், நான்காவது படியில் செய்த தப்பு பத்தாவது படியில்தான் தெரியும். கண்ட்ரோல் இசட்டை முதல் நாள், முதல் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுங்கள். திரும்பி வர வழி இருக்கிறது என்று தெரிந்தால் கை தானாக ஓடும்.

திரையில் ஆங்கிலத்தில் இருப்பதைத் தாளிலும் அந்த ஆங்கிலச் சொல்லாகவே எழுதுங்கள், பக்கத்தில் அதன் ஒலியைத் தமிழில் எழுதினால் போதும். 'சேமி' என்று நீங்கள் தூய தமிழில் எழுதினால், திரையில் அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். லிப்ரே ஆபீஸைத் தமிழ் முகப்போடு போட்டுக்கொடுத்தால் மட்டும் தமிழ்ச் சொல்லை எழுதுங்கள்.

கணினித் திரையைப் படம் பிடித்துத் தாளில் ஒட்டுவதைக் குறையுங்கள். எக்செல் 2007இல்தான் மேலே ரிப்பன் என்கிற பட்டன் பட்டை வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பதிப்பிலும் இடம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. உங்கள் படமும் அவர் மெஷினும் ஒத்துப்போகாவிட்டால் படமே எதிரி.

சாய்கோடு போட்ட கட்டம் என்று ஏன் எழுதினேன் தெரியுமா? முதலில் 'மஞ்சள் கட்டம்', 'சிவப்பு அம்புக்குறி' என்றுதான் எழுதியிருந்தேன். கலரில் ஒரு பிரதி எடுத்து, அதை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து நாற்பது போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வகுப்பில் தாளைக் கையில் வாங்கியவர்கள் மஞ்சள் எங்கே, சிவப்பு எங்கே என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் எல்லாம் சாம்பல்.

6. வீடியோ

வேண்டுமென்றால் எடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, ஒரு வீடியோவில் ஒரு வேலைதான். ஆரம்பத்தில் இசையும் வணக்கமும் வேண்டாம், நேராக விஷயம். பேசும்போது உங்கள் ஊர்த் தமிழிலேயே பேசுங்கள். வீடியோ மறந்ததை ஞாபகப்படுத்திக்கொள்ள மட்டும்தான். அதைப் பார்த்தே ஒருவர் புதிதாகப் பழகியதை நான் அதிகம் கண்டதில்லை.

7. கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்

கோப்பும் தாளும் தயாரானதும் வகுப்புக்கு எடுத்துப் போகாதீர்கள். முதலில் ஒரே ஒரு ஆளை, இதைப் பற்றி உங்களிடம் எதுவும் கேட்டிராத ஆளை, உட்கார வையுங்கள். பக்கத்து வீட்டு அத்தையாக இருக்கலாம். தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் நாற்காலி போட்டு உட்காருங்கள். மவுஸைத் தொடக் கூடாது. "அதில்ல, மேல பாருங்க" என்று சொல்லக் கூடாது. முதல் பத்து நிமிடம் நாக்கைக் கடித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

அந்த நேரத்தில் ஒரு நோட்டில், கை எங்கே நின்றது, வாய் என்ன கேட்டது, கடைசியில் என்ன செய்தார் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். கை நின்ற இடமெல்லாம் உங்கள் தாளின் குறை. "அவருக்குப் புரியல" என்று எழுதினால் அந்த நோட்டால் பயனில்லை. "மூன்றாவது வரியில் 'இழுங்கள்' என்று இருந்தது, எதை இழுப்பது என்று தெரியாமல் நின்றார்" என்று எழுதுங்கள்.

இப்படிப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த ஒன்றைச் சொல்கிறேன். மகளிர் குழுக் கோப்பில் வருகைப் பத்தி. வந்தவர் பெயருக்கு நேராக 'வ' போட வேண்டும். கீழே நிரம்பிய கட்டங்களை எண்ணும் ஃபார்முலா. ஒரு அக்கா 12 பேருக்கும் 'வ' போட்டுவிட்டார், அப்புறம் ஒருவர் வரவில்லை என்று ஞாபகம் வந்தது. அந்தக் கட்டத்துக்குப் போய் ஸ்பேஸ் பாரைத் தட்டினார். 'வ' மறைந்தது, கீழே மட்டும் 12 அப்படியே நின்றது. ஸ்பேஸும் ஒரு எழுத்துதான், கட்டம் காலியாகவில்லை. அவர் விரலால் ஆட்களை எண்ணி 11 என்றார், திரையைப் பார்த்தார், மறுபடி எண்ணினார். நான் வாயைத் திறக்கவில்லை என்றாலும் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "ஏன் தம்பி, நீங்க எழுதுன தாள்ல எப்படி அழிக்கிறதுன்னே இல்லையே?" என்றார். நிஜம்தான். எப்படிப் போடுவது என்று எட்டு வரி எழுதியிருந்தேன், எப்படி எடுப்பது என்று ஒரு வரி இல்லை. இப்போது முதல் வரியிலேயே இருக்கிறது: "அழிக்க டெலீட். ஸ்பேஸ் வேண்டாம்."

எத்தனை பேரை வைத்துப் பார்ப்பது? இணையதளங்களை ஆட்களை வைத்துச் சோதிப்பது பற்றி அந்தத் துறை வல்லுநர் ஜேகப் நீல்சன் 2000இல் எழுதியபோது, 5 பேர் போதும், குறைகளில் சுமார் 85 சதவீதம் வெளியே வந்துவிடும் என்று கணக்குச் சொன்னார். நம் வேலைக்கு முதலில் ஒரு ஆள், திருத்தம், அடுத்து ஒரு ஆள், திருத்தம் என்று போனால் மூன்றாவது ஆளிலேயே தாள் பெரும்பாலும் ஒழுங்காகிவிடுகிறது. ஐந்து பேரையும் ஒரே நாளில் உட்காரவைத்தால் ஐந்து பேரும் அதே வரியில்தான் நிற்பார்கள்.

8. பூட்டைத் திறப்பது

இரண்டாம் வாரக் கோப்பு முடிந்ததும், முதல் வாரக் கோப்பின் பூட்டை எப்படித் திறப்பது என்று அவர்களுக்கே காட்டிவிடுங்கள். எக்செல்லில் ரிவ்யூ, அன்புரொடெக்ட் ஷீட். பாஸ்வேர்டு இல்லாததால் ஒரே கிளிக். அதற்கு முன் ஒரு பிரதி எடுத்துப் பெயரை மாற்றிச் சேவ் செய்யப் பழக்குங்கள். பெயரில் தேதி இருக்கட்டும்: 'சந்தா 2025 ஜூன்' என்கிற மாதிரி. 'புதுசு', 'புதுசு2', 'கடைசி', 'கடைசியோ கடைசி' என்று போனால் ஆறு மாதத்தில் எது நிஜக் கணக்கு என்று யாருக்கும் தெரியாது.

இரண்டு மூன்று வாரம் கழித்து, அவர்கள் இப்போது உண்மையில் பயன்படுத்துகிற கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி வாங்கிப் பாருங்கள். எந்தப் பத்தியை எடுத்திருக்கிறார்கள், எதைச் சேர்த்திருக்கிறார்கள் என்பதிலிருந்துதான் அடுத்த பதிப்பைத் தயாரிக்க வேண்டும்.

நீடாமங்கலத்து அக்கா அனுப்பிய கோப்பில் நான் அழகாகப் போட்டிருந்த வட்ட வரைபடம் இல்லை. 'தீர்மான எண்' பத்தியும் இல்லை. சந்தாவுக்கும் கடன் பாக்கிக்கும் நடுவில் புதிதாக ஒரு பத்தி, தமிழில் தட்டுத்தடுமாறி அடித்த தலைப்போடு: கைமாத்து. ஒவ்வொரு வரியிலும் எண் வலப்பக்கம் ஒட்டி நின்றது, கீழே கூட்டலும் சரியாக இருந்தது. அடுத்த குழுவுக்குக் கொடுத்த கோப்பில் அந்தப் பத்தியையும் சேர்த்துவிட்டேன்.